குடும்ப மருத்துவரின் வருமானத்தை ஊரறியச் சொல்லும் விதி: இங்கிலாந்தில் நடந்தது என்ன?

இங்கிலாந்தில் எந்தக் குடும்ப மருத்துவர் கிளினிக்கின் இணையதளத்துக்குப் போனாலும், தேடிப் பார்த்தால் எங்கோ ஒரு மூலையில் ஒரு சிறு பத்தி கிடைக்கும். கடந்த நிதியாண்டில் இங்கே பணிபுரிந்த மருத்துவர்களின் சராசரி வருமானம், வரிக்கு முன், இத்தனை பவுண்டு. முழுநேரமாக இத்தனை பேர், பகுதிநேரமாக இத்தனை பேர், ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்த தற்காலிக மருத்துவர்கள் இத்தனை பேர். பல தளங்களில் அதற்குக் கீழேயே இன்னொரு வாக்கியமும் இருக்கும்: இந்தக் கணக்கு முறை மருத்துவர்கள் எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை, ஆகவே இதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், வேறு கிளினிக்கோடு ஒப்பிடாதீர்கள்.

சட்டம் சொன்னதால் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு, அதை நம்பாதே என்று அதே மூச்சில் சொல்லும் அறிவிப்பு. கோளாறு மருத்துவர்களிடமா, விதியிடமா? என் பார்வையில் பெரும்பங்கு விதியிடம்தான். அரசுப் பணம் யார் கைக்குப் போகிறது என்று மக்கள் கேட்பது முழு நியாயம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலாக எந்த எண்ணைக் கொடுப்பது என்பதில்தான் இங்கிலாந்து சறுக்கியது.

முதலில், இந்த மருத்துவர் யார் என்பதிலேயே நமக்கு ஒரு குழப்பம் வரும். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் அரசு ஊழியர். அவருக்கு ஊதிய விகிதம் அரசாணையில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே ஒவ்வொரு ஊழியரின் மாத ஊதியத்தையும் அலுவலகம் தானாக வெளியிட வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர் அப்படியல்ல. 1948இல் தேசிய சுகாதாரச் சேவையான என்எச்எஸ் தொடங்கியபோது, குடும்ப மருத்துவர்கள் அரசுச் சம்பளத்துக்கு வர மறுத்தார்கள். அவர்கள் தனித்த ஒப்பந்தக்காரர்களாகவே சேவைக்குள் வந்தார்கள், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். நோயாளி காசு கொடுப்பதில்லை. வருவது கிட்டத்தட்ட முழுதும் அரசுப் பணம். ஆனாலும் கிளினிக் என்பது சட்டப்படி ஒரு தனியார் கூட்டு வியாபாரம்.

பணம் வரும் வழி இது. பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு நோயாளிக்கும் ஆண்டுக்கு ஒரு தொகை. 2019/20இல் அது தலைக்கு 89.88 பவுண்டு. வயது, உடல்நிலை, பகுதி ஆகியவற்றைப் பார்த்து ஒரு சூத்திரம் ஒவ்வொரு தலைக்கும் எடை போடும். முதியவருக்குக் கூடுதல், திடமான இளைஞருக்குக் குறைவு. 9,000 பேர் பதிந்திருக்கும் ஒரு கிளினிக்கில் எடையெல்லாம் சமமாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், அடிப்படைத் தொகை மட்டும் 8,08,920 பவுண்டு. அதற்கு மேல் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றைச் சரியாகக் கண்காணித்தால் கிடைக்கும் புள்ளிகளுக்கான பணம், தடுப்பூசிக்கான பணம், கட்டட வாடகைக்கான ஈடு.

இதிலிருந்துதான் வரவேற்பாளர், செவிலியர், மேலாளர், கணினி, மின்சாரம், சம்பளத்துக்கு வைத்திருக்கும் மருத்துவர்கள் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். மொத்த வரவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செலவாகவே போய்விடும். மிஞ்சுவது பங்குதாரர்களான மருத்துவர்களின் வருமானம். அவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, இலாபத்தில் பங்குதான். ஒரு செவிலியரைக் கூடுதலாக வைத்தால் அது அவர்கள் பையிலிருந்து போகிறது. வைக்காமல் விட்டால் பைக்குள் வருகிறது. மக்கள் வருமானத்தைப் பற்றிக் கேட்பதற்கு உண்மையான காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பல கட்டுரைகள் இதைத் தொடாமலே போய்விடுகின்றன.

கேள்வி சூடுபிடித்தது 2004க்குப் பிறகு. அந்த ஆண்டு வந்த புதிய ஒப்பந்தம் தரத்துக்குப் புள்ளி, புள்ளிக்குப் பணம் என்ற முறையைக் கொண்டுவந்தது. அரசு எதிர்பார்த்ததைவிட மிக எளிதாக மருத்துவர்கள் புள்ளிகளை அள்ளினார்கள். அதே ஒப்பந்தத்தில், இரவும் வார இறுதியும் நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பைச் சுமார் 6,000 பவுண்டை விட்டுக்கொடுத்துவிட்டுக் கைகழுவ வழியும் இருந்தது. பெரும்பாலானோர் கைகழுவினார்கள். அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2008இல் கொடுத்த அறிக்கைப்படி, இங்கிலாந்தில் பங்குதார மருத்துவரின் சராசரி வருமானம் 2002/03இல் 72,011 பவுண்டாக இருந்தது, 2005/06இல் 1,13,614 ஆகிவிட்டது. மூன்றே ஆண்டில் 58 சதவீத உயர்வு. வேலை குறைந்தது, வருமானம் கூடியது என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் வருமானம் தேங்கியது, விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் இறங்கவும் செய்தது. ஆனால் பொதுப் பேச்சில் ஒட்டிக்கொண்டது 2006இன் எண்தான்.

2013 இறுதியில் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை முடிந்தபோது, சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட். மருத்துவர்களுக்குத் தலைவலியாக இருந்த புள்ளி முறையில் கணிசமான பகுதியை அரசு வெட்டிக் கொடுத்தது. பதிலுக்குச் சில விஷயங்களை வாங்கிக்கொண்டது. 75 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒரு மருத்துவர் வேண்டும் என்பது ஒன்று. வருமானத்தை வெளியிட வேண்டும் என்பது இன்னொன்று. 2014/15 நிதியாண்டின் சராசரியை எல்லாக் கிளினிக்குகளும் 2016 மார்ச் 31க்குள் இணையதளத்தில் போட வேண்டும், அப்புறம் ஆண்டுதோறும் அப்படியே. அதாவது வாசகர் பார்க்கும் எண், அது வெளிவரும் நாளிலேயே ஓராண்டு பழசாக இருக்கலாம்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால்தான் கோளாறு தெரியும். இங்கிலாந்து ஜிபிக்களின் வேலை செஷன் கணக்கில் அளக்கப்படுகிறது. ஒரு செஷன் 4 மணி 10 நிமிடம். சம்பள மருத்துவருக்கு வாரம் 9 செஷன் என்றால் முழுநேரம்.

இரண்டு கற்பனைக் கிளினிக்குகள். முதலாவதில் இரண்டு பங்குதாரர்கள், ஆளுக்கு வாரம் 8 செஷன், ஆண்டுக்கு 1,20,000 பவுண்டு. கூடவே நான்கு சம்பள மருத்துவர்கள், ஆளுக்கு 4 செஷன், ஆண்டுக்கு 45,000. மொத்தம் 32 செஷன், 4,20,000 பவுண்டு. ஆறு பேரால் வகுத்தால் சராசரி 70,000. இரண்டாவதில் நான்கு பங்குதாரர்கள் மட்டுமே. ஆளுக்கு 8 செஷன், 1,05,000 பவுண்டு. மொத்தம் அதே 32 செஷன், அதே 4,20,000. சராசரி மட்டும் 1,05,000.

ஒரே பணம், ஒரே உழைப்பு நேரம். ஆனால் இரண்டாவது கிளினிக்கின் பக்கத்தைத் திறக்கும் ஆள், இவர்கள் அடுத்த தெருக்காரர்களைவிட ஒன்றரை மடங்கு சம்பாதிக்கிறார்களே என்றுதான் நினைப்பார். வேடிக்கை என்னவென்றால், உண்மையில் அதிகம் எடுக்கும் ஆட்கள் இருப்பது முதல் கிளினிக்கில். 1,20,000 எடுக்கும் பங்குதாரர்கள் அங்கே 70,000 என்ற எண்ணுக்குப் பின்னால் நிம்மதியாக இருக்கிறார்கள். பகுதிநேரச் சம்பள மருத்துவர்களை எத்தனை பேர் வைத்திருக்கிறோமோ அந்த அளவுக்குச் சராசரி சாதுவாகத் தெரியும். வகுக்கும் எண்ணாகத் தலையை எடுத்ததற்குப் பதில் செஷனை எடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. இரண்டிலும் செஷனுக்கு 13,125 பவுண்டு என்று சமமாக வந்திருக்கும். அப்போதும் பங்குதாரருக்கும் சம்பளக்காரருக்கும் உள்ள இடைவெளி மறைந்துதான் இருக்கும், ஆனால் கிளினிக்குகளை ஒப்பிடவாவது முடியும்.

இன்னொரு கோணம் இதற்கு நேரெதிர். ஒரே ஒரு மருத்துவர் நடத்தும் கிளினிக்கில் சராசரி என்று எதைச் சொல்வது? அது அவருடைய வருமானமேதான். பெயர் போடாமலே பெயரோடு வெளியிட்ட மாதிரி. பெரிய கிளினிக்கின் மூத்த பங்குதாரருக்குக் கிடைத்த மறைவு இவருக்குக் கிடைக்கவில்லை. இப்படித் தனியாக நடத்தியவர்களில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போன மருத்துவர்கள் கணிசம். 1960களிலிருந்து, உள்ளூர் மருத்துவர்கள் போக விரும்பாத தொழில் நகரங்களிலும் சுரங்கப் பகுதிகளிலும் நெரிசலான நகர் மையங்களிலும் கடையை விரித்தவர்கள் அவர்கள். அவர்களில் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன தமிழ் மருத்துவர்களும் உண்டு. விதி எழுதியவர்களுக்கு அவர்களைக் குறிவைக்கும் எண்ணம் இருந்திருக்காது. ஆனால் திரை விலகியது அவர்கள் மேல்தான்.

கணக்கில் எது சேரும், எது சேராது என்பதும் முக்கியம். என்எச்எஸ் ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஜிபி சேவைக்கான வருமானம் சேரும். தனியார் வேலையில், உதாரணமாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மருத்துவ அறிக்கை எழுதிக் கொடுத்து வாங்கும் பணம் சேராது. கட்டடம் தொடர்பான வரவு செலவும் சேராது. கிளினிக் கட்டடம் பங்குதாரர்களுக்கே சொந்தமாக இருந்தால் அதற்கு அரசு வாடகைக்கு ஈடான தொகை தருகிறது, அது இந்த எண்ணில் தெரியாது. மாறாக, கடன் வாங்கிக் கட்டியவரின் வட்டிச் சுமையும் தெரியாது.

அதற்காக இந்த விதி வருவதற்கு முன் எல்லாம் இருட்டில் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வரித்துறைக் கணக்குகளை வைத்து நாடு தழுவிய சராசரி ஆண்டுதோறும் வெளியாகி வந்தது. 2015 முதல், ஒவ்வொரு கிளினிக்குக்கும் அரசு மொத்தமாக எவ்வளவு கொடுத்தது என்பதும் வெளியாகிறது. ஆக, உள்ளே போகும் பணம் தெரியும், நாட்டின் சராசரி தெரியும். நடுவில், கிளினிக்குக்குள் அந்தப் பணம் எப்படிப் பிரிகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. விதி வந்த பிறகும் அது தெரியவில்லை.

இந்தச் சராசரியால் யாருக்கும் திருப்தி இல்லை. எனவே 2019 ஜனவரியில், சேவையை நிர்வகித்த அமைப்பான என்எச்எஸ் இங்கிலாந்தும் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்திட்டபோது இன்னொரு படி ஏறினார்கள். என்எச்எஸ் மூலம் ஆண்டுக்கு 1,50,000 பவுண்டுக்கு மேல் ஈட்டும் ஜிபிக்களின் பெயரும் வருமானமும் தேசியப் பட்டியலாக வெளியிடப்படும், 2019/20 வருமானத்திலிருந்து இது தொடங்கும் என்றார்கள். சங்கமும் இதற்கு ஒப்புக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1,50,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2010 மே மாதம் பதவிக்கு வந்த கேமரன் அரசு, அந்தத் தொகைக்கு மேல் வாங்கும் 172 உயர் அதிகாரிகளின் பெயரை வெளியிட்டது. பிரதமரின் சம்பளத்தை ஒட்டிய தொகை அது. உள்ளாட்சி அதிகாரிகளுக்கும் பெயரைச் சொல்ல அதே எல்லைக்கோடு. 2017இல் பிபிசி தன் நட்சத்திரங்களின் ஊதியத்தை வெளியிட்டபோதும் அதே கோடு. அதையே ஒன்பது ஆண்டு கழித்தும் ஓர் எண்ணைக்கூட மாற்றாமல் எடுத்து ஜிபிக்கள் மேல் வைத்தார்கள். ஆனால் அதிகாரி வாங்குவது நிலையான சம்பளம். நட்டமானால் சொந்த வீட்டை விற்றுக் கடனை அடைக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. கூட்டு நிறுவனத்தின் பங்குதாரருக்கு அந்த ஆபத்து உண்டு. கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகிவிட்டால் குத்தகையும் ஊழியர்களின் ஈட்டுத்தொகையும் கடைசியாக மிஞ்சும் ஆளின் தலையில்தான் விடியும்.

கொரோனாவால் திட்டம் தள்ளிப்போனது. 2021 அக்டோபரில் விதி சட்டமாக அமலுக்கு வந்தது. 2019/20 வருமானம் 1,50,000ஐத் தாண்டியவர்கள் தாங்களே நவம்பர் 12க்குள் அறிவிக்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கோடு சிறிது சிறிதாக உயரும் என்றும் வைத்தார்கள்.

இதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. ஜிபிக்கள் நேரில் பார்க்க மாட்டேன் என்கிறார்கள், தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறார்கள் என்று பத்திரிகைகள் பிரசாரமே நடத்திக்கொண்டிருந்தன. செப்டம்பரில் மான்செஸ்டரில் ஒரு கிளினிக்குக்குள் புகுந்து ஊழியர்களைத் தாக்கிக் காயப்படுத்திய சம்பவம் நடந்திருந்தது. அக்டோபர் நடுவில் அரசு 25 கோடி பவுண்டு குளிர்கால நிதியை அறிவித்தது. ஆனால் அதோடு கிளினிக்குகளைக் கண்காணிக்கும் நிபந்தனைகளையும் சேர்த்துக்கொண்டது. இந்தச் சூழலில் பெயரையும் வருமானத்தையும் பட்டியல் போடுவது எங்களைக் காட்டிக்கொடுப்பது போல என்று மருத்துவர்கள் கொதித்தார்கள். பல் மருத்துவர்களும் மருந்தகங்களும் இதே போல ஒப்பந்தத்தில் இயங்குபவர்கள்தானே, அவர்களை ஏன் கேட்கவில்லை என்பது இன்னொரு கேள்வி. 2019இல் அவர்களுக்கும் இதைக் கொண்டுவர அரசு எண்ணுவதாகத்தான் சொல்லப்பட்டது. 2021இல் கேட்கப்பட்டது ஜிபிக்களை மட்டும்.

மருத்துவச் சங்கம் உறுப்பினர்களின் மனநிலையை அறிய வாக்கெடுப்பு நடத்தியது. வருமானத்தை அறிவிக்காமல் இருக்கத் தயாரா என்பது அதில் ஒரு கேள்வி. சுமார் மூன்று ஆண்டுக்கு முன் கையெழுத்துப் போட்டு ஏற்ற நிபந்தனையைத்தான் மீறலாமா என்று கேட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் இது சங்கத்துக்குப் பெருமை சேர்க்கும் விஷயமல்ல. கோடு தவறு, தலைக்கணக்கு தவறு என்றெல்லாம் 2019லேயே சொல்லியிருக்கலாம். எப்படியோ, அரசு அமலாக்கத்தைத் தள்ளிப்போட்டது. பெயர்ப் பட்டியல் சொன்ன காலத்தில் வரவில்லை.

இதற்கிடையில் அந்தக் கோட்டுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். இங்கிலாந்தில் பங்குதார ஜிபியின் சராசரி வருமானம் 2019/20இல் 1,21,800 பவுண்டு. 2020/21இல் 1,42,000. 2021/22இல் 1,53,400. கொரோனா தடுப்பூசி ஒரு டோஸுக்கு 12.58 பவுண்டு வீதம் கிளினிக்குகளுக்குக் கிடைத்தது, ஊரடங்கில் சில செலவுகளும் குறைந்தன. அதிகம் சம்பாதிக்கும் சிலரை அடையாளம் காட்டுவதற்கென்று வைத்த 1,50,000 கோட்டைச் சராசரி ஆளே தாண்டிவிட்டார். அந்த ஆண்டுக்கென உயர்த்தி வைத்த கோடுகூடச் சராசரிக்குச் சில ஆயிரம் பவுண்டு தூரத்தில்தான் நின்றது. அதே 2021/22இல் சம்பள ஜிபியின் சராசரி 68,000. அவர்களில் பலர் பகுதிநேரம் என்பது உண்மை. ஆனாலும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பற்றி இளம் மருத்துவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது கொஞ்சநஞ்சமல்ல. கிளினிக் இணையதளத்தின் சராசரி அந்தப் பள்ளத்தை மண்ணைப் போட்டு நிரப்பிவிடுகிறது.

வேறு நாடுகள் என்ன செய்தன என்று பார்த்தால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கதைதான் சுவாரசியமானது. அங்கும் குடும்ப மருத்துவர்கள் அரசுக் காப்பீட்டிடம் கட்டணம் வாங்கும் தனித்தொழில் செய்பவர்கள். ஒரு இலட்சம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கும் பொதுத்துறை ஊழியர்களின் பட்டியலை அந்த மாகாணம் 1996 முதல் வெளியிட்டு வந்தது, ஆனால் சம்பளக்காரர் அல்லாத மருத்துவர்கள் அதில் வரவில்லை. 2014இல் டொரான்டோ ஸ்டார் நாளிதழ், அரசிடம் அதிகம் பில் போட்ட 100 மருத்துவர்களின் பெயரைத் தகவல் சட்டத்தில் கேட்டது. அரசு தொகைகளைக் கொடுத்தது, பெயர்களை மறைத்தது. தகவல் ஆணையர் அலுவலகம் 2016இல் பெயரையும் கொடு என்றது. மருத்துவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். 2019 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

அந்தத் தீர்ப்புகளின் தர்க்கம்தான் அழகு. பில் தொகையிலிருந்து வாடகை, ஊழியர், கருவி என்று எல்லாச் செலவும் போக வேண்டும். ஆகவே அது மருத்துவரின் தனிப்பட்ட வருமானத்தைக் காட்டாது, தொழில் கணக்கைத்தான் காட்டும். தனிப்பட்ட தகவல் இல்லை என்பதால் வெளியிடலாம்! வருமானம் எவ்வளவு என்று சொல்லாத எண் என்பதாலேயே அதற்கு வாசல் திறந்தது. மறுநாள் செய்தித்தாள் படிக்கிறவர் இந்த வேறுபாட்டையெல்லாம் பார்ப்பாரா என்பது வேறு விஷயம். அதே கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மருத்துவர்களுக்குக் கொடுத்த தொகையை ஆண்டுதோறும் பெயரோடு அச்சிட்டு வருகிறது. நீலப் புத்தகம் என்று அதற்குப் பெயர். அங்கே அது ஆண்டு வழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவில் இதே சண்டை முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. முதியோருக்கான மெடிகேர் திட்டம் ஒவ்வொரு மருத்துவருக்கும் கொடுக்கும் தொகையை வெளியிட 1979இல் ப்ளோரிடா நீதிமன்றம் தடை போட்டது, 2013இல் நீக்கியது. 2014 ஏப்ரலில் 8,80,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள், பிற சிகிச்சையாளர்களின் கணக்கு ஒரே நாளில் வெளியானது. முதலிடத்தில் இருந்த ப்ளோரிடா கண் மருத்துவருக்கு 2012இல் மட்டும் சுமார் 2.1 கோடி டாலர். பின்னர் 2017இல் அவர் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானது. வெளிப்படைத்தன்மைக்குக் கிடைத்த வெற்றி என்று இதைச் சொல்லத் தோன்றும். ஆனால் பட்டியல் வருவதற்கு முன்பே அவர் மீது விசாரணை நடந்துகொண்டிருந்தது. மேலும் அந்தத் தொகையில் பெரும்பங்கு விலையுயர்ந்த கண் ஊசி மருந்துக்கான செலவு. அதே மருந்தை நேர்மையாகப் பயன்படுத்திய மற்றக் கண் மருத்துவர்களும் பட்டியலின் உச்சியில் போய் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கிலாந்துக்குத் திரும்பினால், நோயாளிக்கு உண்மையில் பயன்படக்கூடிய எண்கள் மூன்றுதான் என்று எனக்குப் படுகிறது. வந்த பணத்தில் எத்தனை சதவீதம் ஊழியர்களுக்கும் சேவைக்கும் போனது, பங்குதாரர்களுக்கு ஒரு செஷனுக்கு எவ்வளவு மிஞ்சியது, ஆயிரம் நோயாளிக்கு வாரம் எத்தனை மருத்துவ செஷன். அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியோடு மல்லுக்கட்டும் ஆளுக்கு, மருத்துவரின் பெயரும் வருமானமும் கோபத்தைத்தான் தரும். இந்த மூன்றும், பணம் எங்கே தேங்குகிறது என்பதைக் காட்டிவிடும். யார் பெயரையும் சந்தியில் இழுக்கவும் வேண்டியதில்லை. ஒற்றை மருத்துவர் கிளினிக்கின் சிக்கல் மட்டும் அப்போதும் இருக்கும். அவர்களை வட்டாரவாரியாகச் சேர்த்துக் காட்டலாம்.

இப்போதைய விதிகள் பார்க்காத இன்னொரு பக்கமும் வளர்ந்து வருகிறது. 2021 பிப்ரவரியில், இலண்டனில் பல கிளினிக்குகளை நடத்திவந்த ஏடி மெடிக்ஸ் நிறுவனம் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான சென்டீனின் அப்போதைய பிரிட்டிஷ் கிளையான ஆபரோஸ் கைக்குப் போனது. இப்படிப்பட்ட கிளினிக்குகளில் மருத்துவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பார்கள், இலாபம் உரிமையாளருக்குப் போகும். இணையதளத்தில் போடும் சராசரி, அங்கே வேலை பார்க்கும் மருத்துவர்களுடையது மட்டுமே. உரிமையாளரின் இலாபத்துக்கு அதில் இடமில்லை. அது வேண்டுமென்றால் நிறுவனப் பதிவகத்தில் தாக்கலாகும் ஆண்டுக் கணக்கைத் தேடி எடுக்க வேண்டும், அதிலும் கிளினிக்வாரியாக இருக்காது. ஊர் மருத்துவர்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சாதாரணக் கூட்டு நிறுவனமோ, அப்படிப் பொதுவில் எந்தக் கணக்கும் தாக்கல் செய்யத் தேவையில்லை.